உணவுக்குழாய்ப் புற்றுநோய்: கட்டி ஏன் வளர்கிறது, எவ்வாறு பரவுகிறது?

நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்குமான விளக்கம்

உணவுக்குழாயில் புற்றுநோய் இருப்பதாக அறிந்தவர்களுக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. திசுப் பரிசோதனை அறிக்கையில் ஹெர்-2, பி.டி.-எல்.1 போன்ற சொற்களைக் கண்டு அவை எதைக் குறிக்கின்றன என்று நீங்கள் குழம்பியிருக்கலாம். கட்டிக்குள் நடைபெறும் மாற்றங்களை ஓரளவு அறிந்துகொண்டால் எந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவை, எது தேவையில்லை, ஏன் காலந்தாழ்த்தக் கூடாது என்பவை தெளிவாகும்.

முக்கியச் செய்திகள்

• உணவு விழுங்கும்போது அடைப்பு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் எண்டோஸ்கோப்பி பரிசோதனை அவசியம். அதனை வாயுத் தொல்லை என்று கருதி மருந்துக் கடை மாத்திரைகளால் தள்ளிப்போடக் கூடாது.
• உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஒரே நோயன்று. அதில் இரண்டு முக்கிய வகைகள் உள்ளன. அவற்றை இயக்கும் மூலக்கூறுகளும் சிகிச்சையும் வேறுபடுகின்றன.
• மூலக்கூறுப் பரிசோதனைகள் அனைத்தும் அனைவருக்கும் தேவைப்படுவதில்லை. உங்கள் நோயின் வகையும் நிலையுமே அதைத் தீர்மானிக்கும்.
• இந்நோய் தொற்றுநோய் அன்று. பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் அன்று.
• நோய் கண்டறியப்பட்ட பின்னரும் புகையிலையையும் மதுவையும் விடுவதால் பயன் உண்டு.

உணவுக்குழாயும் இருவகைப் புற்றுநோய்களும்

உணவுக்குழாய் தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும், ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். மூச்சுக்குழாய், இதயம், உடலின் பெருந்தமனி ஆகியவற்றை ஒட்டியே அது கீழிறங்குகிறது. அதன் உட்புறத்தைத் தட்டையான செல்கள் பல அடுக்குகளாக மூடியுள்ளன. சூடான, காரமான, கரடுமுரடான உணவு நாள்தோறும் உரசிச் செல்வதால் இச்செல்கள் தேய்ந்து உதிர்வதும், அடியிலுள்ள செல்கள் பிரிந்து அவ்விடத்தை நிரப்புவதும் வாழ்நாள் முழுவதும் நடைபெறுகின்றன.

இத்தட்டைச் செல்களில் தோன்றும் புற்றுநோய் செதிள் செல் புற்று எனப்படும். அறிக்கையில் இது ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்று குறிக்கப்படும். இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது இவ்வகையே. புகையிலை, மது, வெற்றிலை பாக்கு மெல்லுதல் ஆகியவற்றோடு இது நெருங்கிய தொடர்புடையது.

இரண்டாவது வகை சுரப்பித் திசுப் புற்று. அறிக்கையில் ‘அடினோகார்சினோமா’ என்றிருக்கும். இது பெரும்பாலும் குழாயின் கீழ்ப்பகுதியில், இரைப்பையோடு சேரும் இடத்தில் தோன்றுகிறது. நெடுங்காலம் நீடிக்கும் அமில எதுக்களிப்பும் உடல் பருமனும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

2017-ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியைத் தெளிவாக்கியது. மரபணு அளவில் பார்க்கும்போது, உணவுக்குழாயின் செதிள் செல் புற்று வாய், தொண்டைப் பகுதிகளில் வரும் புற்றுநோயை ஒத்திருக்கிறது. சுரப்பித் திசுப் புற்றோ இரைப்பைப் புற்றுநோயின் ஒரு வகையை ஒத்திருக்கிறது. ஆகவே உங்கள் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது எந்த வகை என்னும் அந்த ஒரு வரியைத்தான்.

செல் எப்போது புற்றுச் செல்லாகிறது?

ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்னும் மூலக்கூறில் அச்செல்லுக்கான கட்டளைகள் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு கட்டளைப் பகுதியும் ஒரு மரபணு. செல் பிரியும்போது இக்கட்டளைகள் நகலெடுக்கப்படுகின்றன. நகலில் நேரும் பிழையே மரபணுப் பிறழ்வு.

பிறழ்வு நேர்ந்தாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 9 பேரின் இயல்பான உணவுக்குழாய்த் திசுக்களை ஆராய்ந்து 2018-இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. புற்றுநோயோடு தொடர்புடைய மரபணுப் பிறழ்வுகளைச் சுமந்த செல்கள் நடுத்தர வயதைக் கடந்தவர்களின் உட்படலத்தில் பெரும்பகுதியைப் பிடித்திருந்தன. ஆயினும் அவர்களுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் இல்லை. அப்பிறழ்வுகளுள் நாட்ச்-1 என்னும் மரபணுவில் நேர்வது புற்றுக் கட்டிகளைவிட இயல்பான திசுவிலேயே மிகுதியாகக் காணப்பட்டது.

இதிலிருந்து அறியவேண்டியது, ஒரு பிறழ்வு மட்டும் கட்டியை உருவாக்குவதில்லை என்பதே. பல காவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே செல்லில் தளர வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். புகையிலையும் மதுவும் அந்த ஆண்டுகளைக் குறைக்கின்றன. அவற்றை விடுவது அந்த ஓட்டத்தைத் தணிக்கிறது.

வளர்ச்சியை முடுக்கும் மூலக்கூறுகள்

காவல் புரதம் பி-53. டி.என்.ஏ.வில் சேதம் ஏற்பட்டால் இப்புரதம் செல் பிரிவதை நிறுத்தி, பழுது பார்க்க நேரம் தருகிறது. பழுது சரியாகாவிட்டால் அச்செல்லைத் தானாகவே மடியச் செய்கிறது. 1979-இல் கண்டறியப்பட்ட இப்புரதத்தை உருவாக்கும் மரபணு, உணவுக்குழாய்ப் புற்றுநோயின் இரு வகைகளிலும் மிகப் பெரும்பாலான கட்டிகளில் சேதமடைந்துள்ளது. காவல் போனபின் அடுத்தடுத்த பிழைகள் தடையின்றிச் சேர்கின்றன.

பிரிதலைக் கட்டுப்படுத்தும் மதகு. ஏரி நீர் மதகின் வழியே அளவோடு வெளியேறுவதுபோல, செல் பிரிவதற்கும் ஒரு மதகு உண்டு. பி-16 என்னும் புரதம் அதை மூடி வைக்கிறது. சைக்ளின் டி-1 என்னும் புரதம் அதைத் திறக்கிறது. செதிள் செல் புற்றில் பி-16 மரபணு அழிந்துபோவதும், சைக்ளின் டி-1 மரபணு பல படிகளாகப் பெருகுவதும் அடிக்கடி காணப்படுகின்றன. மூடுவோர் இல்லாமல், திறப்போர் பலரானால் என்ன நேருமோ அதுவே கட்டியில் நேர்கிறது.

செல்லின் மேற்பரப்பு ஏற்பிகள். வளர்ச்சிக்கான செய்தியை வெளியிலிருந்து பெறும் புரதங்கள் ஏற்பிகள் எனப்படும். செதிள் செல் புற்றில் இ.ஜி.எப்.ஆர். என்னும் ஏற்பி பல நோயாளிகளிடம் அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. சுரப்பித் திசுப் புற்றில் ஒரு பகுதியினரிடம் ஹெர்-2 என்னும் ஏற்பி பெருகியிருக்கும். ஏற்பிகள் மிகுந்தால் வெளியிலிருந்து செய்தி வராதபோதும் ‘பிரிந்து பெருகு’ என்னும் கட்டளை செல்லுக்குள் ஓயாமல் ஒலிக்கும்.

உட்செய்தி கடத்தும் பாதை. ஏற்பி பெற்ற செய்தியைச் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுசெல்லும் புரதங்களுள் பி.ஐ.3-கைனேஸ் முக்கியமானது. இதன் மரபணுவில் பிறழ்வு ஏற்பட்டால், ஏற்பியைத் தடுத்தாலும் செய்தி நிற்பதில்லை.

தற்காப்புப் புரதம். செல்லுக்கு நச்சுப் பொருள்களால் தீங்கு வரும்போது என்.ஆர்.எப்.-2 என்னும் புரதம் அதைக் காக்கிறது. சில செதிள் செல் கட்டிகளில் இது எப்போதும் விழிப்பு நிலையில் இருக்கும். அத்தகைய கட்டி, கீமோதெரபி மருந்தையும் கதிர்வீச்சையும் எதிர்த்து நிற்கக்கூடும். ஒரே சிகிச்சை ஒருவருக்கு நன்கு பலித்து, மற்றொருவருக்குக் குறைவாகப் பலிப்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஒரு மூலக்கூறு கட்டியில் மிகுந்திருக்கிறது என்பதால் மட்டும் அதைத் தடுக்கும் மருந்து பயன்தரும் என்று கொள்ள முடியாது. இ.ஜி.எப்.ஆர். ஏற்பியைத் தடுக்கும் பல மருந்துகள் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டன. பொதுவாக எல்லா நோயாளிகளுக்கும் அவற்றைத் தந்தபோது வாழ்நாள் கூடவில்லை. ‘இலக்கு மருந்து’ என்ற பெயரைக் கேட்டவுடன் கடன் வாங்கியாவது வாங்கிவிட வேண்டும் என்று எண்ண வேண்டாம். அம்மருந்து உங்கள் வகை நோயில் பயன் தருவதாக நிறுவப்பட்டுள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கட்டி எவ்வாறு பரவுகிறது?

உட்படலத்தின் செல்கள் இ-கேடரின் என்னும் புரதத்தால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. செங்கற்களுக்கிடையே சாந்து போன்றது இது. பரவத் தொடங்கும் புற்றுச் செல்லில் இப்பிணைப்பு குறைகிறது. நிலைத்திருந்த செல் நகரும் இயல்பைப் பெறுகிறது. அடுத்து, சுற்றியுள்ள திசுவைக் கரைக்கும் நொதிகளை அது சுரந்து தனக்கு வழி உண்டாக்குகிறது.

கட்டி வளர வளர அதன் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் குறைகிறது. அப்போது கட்டி வி.இ.ஜி.எப். என்னும் புரதத்தைச் சுரந்து புதிய இரத்தக் குழாய்களைத் தன்னை நோக்கி வளரச் செய்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு புரதம் நிணநீர்க் குழாய்களை வளர்க்கிறது. உணவு பெறுவதற்காக அமைந்த இக்குழாய்களே புற்றுச் செல்கள் வெளியேறும் வழிகளாகவும் ஆகின்றன.

உணவுக்குழாயின் அமைப்பும் பரவலுக்குத் துணைபோகிறது. குடல் போன்ற உறுப்புகளுக்கு உள்ள வெளி உறை உணவுக்குழாயின் பெரும்பகுதிக்கு இல்லை. நிணநீர்க் குழாய்கள் அதன் உட்படலத்தின் அருகிலேயே அடர்ந்துள்ளன. ஆகவே கட்டி சிறிதாக இருக்கும்போதே நிணநீர் முடிச்சுகளை, அதாவது மக்கள் நெறிகட்டி என்று சொல்லும் முடிச்சுகளை, அடைந்துவிடக்கூடும். பின்னர் கல்லீரல், நுரையீரல், எலும்பு ஆகியவற்றுக்கும் செல்லலாம்.

ஸ்டீபன் பேஜட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1889-இல் புற்றுச் செல்லை விதைக்கும், அது சென்று தங்கும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். எல்லா விதையும் எல்லா நிலத்திலும் முளைப்பதில்லை என்பதை உழவர் குடும்பத்தினர் நன்கறிவர். இரத்தத்தில் கலக்கும் புற்றுச் செல்களுள் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. ஏற்ற இடத்தில் பற்றிக்கொள்ளும் ஆற்றல் பெற்ற சிலவே புதிய கட்டியாக வளர்கின்றன.

நோய் எதிர்ப்பாற்றலிலிருந்து ஒளிந்துகொள்ளுதல்

நம் இரத்தத்திலுள்ள டி-செல்கள் புற்றுச் செல்களை அடையாளம் கண்டு அழிக்கவல்லவை. தவறுதலாக நம் சொந்தத் திசுவையே தாக்கிவிடாதிருக்க அவற்றில் பி.டி.-1 என்னும் தடைப் பொத்தான் அமைந்துள்ளது. சில கட்டிகள் பி.டி.-எல்.1 என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் காட்டி அப்பொத்தானை அழுத்துகின்றன. தாக்க வந்த டி-செல் செயலிழந்துவிடுகிறது.

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற எதிர்ப்பாற்றல் மருந்துகள் இத்தடையை நீக்குகின்றன. முற்றிய உணவுக்குழாய்ப் புற்றுநோயில் கீமோதெரபியுடன் இவற்றைச் சேர்த்துத் தருவது வாழ்நாளை நீட்டிக்கும் என்று 2021, 2022-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. பி.டி.-எல்.1 அளவு மிகுந்தவர்களிடம் பயன் கூடுதலாகவும், மிகக் குறைந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது.

எந்தப் பரிசோதனை யாருக்குத் தேவை?

எண்டோஸ்கோப்பியின்போது எடுக்கப்படும் சிறு திசுத் துண்டுகளே எல்லாவற்றுக்கும் அடிப்படை. நோயின் வகையை அறிவதற்கு மட்டுமன்றி மூலக்கூறுப் பரிசோதனைக்கும் போதுமான அளவில், பொதுவாக 6 முதல் 8 துண்டுகள் எடுக்கப்படும். அத்திசு மெழுகுக் கட்டியில் பதித்துப் பாதுகாக்கப்படுகிறது. வேறு மருத்துவமனைக்குச் செல்லும்போது அறிக்கையோடு அந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். மறுபடியும் குழாய் செலுத்தித் திசு எடுக்கும் துன்பம் அதனால் தவிர்க்கப்படலாம்.

• நோய் உணவுக்குழாய்க்கும் அருகிலுள்ள முடிச்சுகளுக்கும் உட்பட்டிருந்தால், முதல் சிகிச்சையைத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் மூலக்கூறுப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நோயின் வகையும், சி.டி. ஸ்கேன் அல்லது பெட் ஸ்கேன் காட்டும் பரவல் நிலையும் போதும்.
• முற்றிய அல்லது பிற உறுப்புகளுக்குப் பரவிய சுரப்பித் திசுப் புற்று என்றால் ஹெர்-2 பரிசோதனை தேவை. முடிவு 0 அல்லது 1+ என்றால் இல்லை என்று பொருள். 3+ என்றால் உண்டு. 2+ என்றால் ஐயத்துக்குரியது. மரபணுப் படிகளை எண்ணும் மற்றொரு பரிசோதனையால் அதை உறுதி செய்ய வேண்டும்.
• முற்றிய செதிள் செல் புற்று என்றால் ஹெர்-2 பரிசோதனை வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. எதிர்ப்பாற்றல் மருந்து தருவது பற்றி மருத்துவர் ஆலோசித்தால் பி.டி.-எல்.1 பரிசோதனை உதவும்.
• எம்.எஸ்.ஐ. என்னும் பரிசோதனை டி.என்.ஏ. பிழை திருத்தும் ஆற்றலின் குறையைக் காட்டுகிறது. இக்குறை சுரப்பித் திசுப் புற்றில் சிலரிடமே காணப்படும். இருந்தால் எதிர்ப்பாற்றல் மருந்து நன்கு பலிக்கக்கூடும்.
• நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒருசேர ஆராயும் விலையுயர்ந்த பரிசோதனைகள் எல்லோருக்கும் தேவையில்லை. அதன் முடிவால் உங்கள் சிகிச்சை மாறுமா என்று முதலில் கேளுங்கள். மாறாது என்றால் அப்பணம் உணவுக்கும் பயணத்துக்கும் பயன்படட்டும்.

சிகிச்சையில் இவ்வறிவு எவ்வாறு பயன்படுகிறது?

காஞ்சிபுரத்தில் பிறந்து தமிழ்நாட்டின் முதலமைச்சராக விளங்கிய பேரறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு, 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை பெற்றார். 1969 பிப்ரவரி 3-ஆம் நாள், 59-ஆம் வயதில் மறைந்தார். அன்று உலகின் சிறந்த மருத்துவமனைகளிலும் இந்நோய்க்கு அறுவையும் கதிர்வீச்சுமே முதன்மையான ஆயுதங்களாக இருந்தன. பி-53, ஹெர்-2 ஆகிய பெயர்கள் அப்போது மருத்துவ உலகுக்கே தெரியாதவை. அவர் நினைவாகப் பெயரிடப்பட்ட அரசு புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் இயங்கிவருகிறது. இன்று சிகிச்சை நோயின் வகைக்கும் நிலைக்கும் ஏற்பப் பிரிந்துள்ளது.

மிகத் தொடக்க நிலை. கட்டி உட்படலத்தின் மேலடுக்கில் மட்டும் இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்ற இயலும்.

பரவாத, ஆனால் ஆழமான கட்டி. அறுவைக்கு முன் கீமோதெரபியும் கதிர்வீச்சும் சேர்த்துத் தரப்படும். 2012-இல் நெதர்லாந்திலிருந்து வெளியான ஆய்வில், 5 வாரங்கள் இவ்வாறு சிகிச்சை பெற்றபின் அறுவை செய்துகொண்டவர்களின் இடைநிலை வாழ்நாள் 49 மாதங்களாகவும், நேரடியாக அறுவை செய்துகொண்டவர்களுக்கு 24 மாதங்களாகவும் இருந்தது. செதிள் செல் வகையினரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு, அகற்றிய பகுதியில் புற்றுச் செல் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. சுரப்பித் திசு வகைக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துகள் கொண்ட கீமோதெரபி தருவது மேலும் சிறந்தது என்று அண்மை ஆய்வு காட்டியுள்ளது. கழுத்துப் பகுதியில் உள்ள கட்டிக்கும், அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்கும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் சேர்ந்தே முழுச் சிகிச்சையாக அமையலாம்.

பரவிய நிலை. கீமோதெரபியே அடிப்படை. ஹெர்-2 உள்ள சுரப்பித் திசுப் புற்றில் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து சேர்க்கப்படும். இது வாழ்நாளை நீட்டிப்பதாக 2010-இல் நிறுவப்பட்டது. இதன் ஒப்புமை மருந்துகள் இந்தியாவிலேயே தயாராகின்றன. இம்மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் எக்கோ பரிசோதனை அவ்வப்போது செய்யப்படும். எதிர்ப்பாற்றல் மருந்து பெறுவோருக்கு வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், தைராய்டு கோளாறு ஆகியவை தோன்றலாம். மருந்து முடிந்து சில மாதங்கள் கழித்தும் இவை வரக்கூடும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் இம்மருந்து பெற்றதைச் சொல்லுங்கள்.

அடைப்பு மிகுந்தால் உலோக வலைக்குழாய் பொருத்துதல், குடலுக்கு நேரடியாக உணவு செலுத்தும் குழாய் வைத்தல் ஆகியவற்றால் துன்பத்தைக் குறைக்க இயலும். வலி தணிப்புச் சிகிச்சை எந்த நிலையிலும் உங்கள் உரிமை. அது கைவிட்டதன் அடையாளம் அன்று.

ஏன் காலந்தாழ்த்தக் கூடாது?

உணவுக்குழாய் நன்கு விரியக்கூடியது. அதன் உள்விட்டம் ஏறத்தாழ 13 மி.மீ.க்குக் கீழ் சுருங்கிய பின்னரே பலருக்கு விழுங்குவதில் சிரமம் தெரிகிறது. அதாவது முதன்முறை சோறு நெஞ்சில் நிற்பதாக உணரும்போதே, மேலே சொன்ன மாற்றங்களுள் பல நிகழ்ந்து முடிந்திருக்கலாம். பெரும்பாலோர் தண்ணீர் குடித்து உணவை இறக்குகின்றனர். பிறகு குழைந்த சோற்றுக்கும் கஞ்சிக்கும் மாறுகின்றனர். இவ்வாறு உணவை மாற்றிக்கொண்டே செல்வதால் சில மாதங்கள் வீணாகின்றன. வீட்டில் ஒருவர் வழக்கத்தைவிட மெதுவாக உண்பதையோ, சப்பாத்தியையும் இறைச்சியையும் தவிர்ப்பதையோ, உடை தளர்வதையோ கண்டால் குடும்பத்தினரே முன்வந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். குரல் கம்முதல், கழுத்தில் நெறிகட்டி, தண்ணீர் குடித்தவுடன் இருமல் ஆகியவை நோய் சுற்றுப்புறத்தைத் தொட்டிருக்கலாம் என்பதன் அறிகுறிகள்.

முன்பு அமிலம் அல்லது காரம் விழுங்கியதால் உணவுக்குழாய் புண்பட்டவர்கள், அகலேசியா என்னும் விழுங்கல் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் சிறு மாற்றத்தையும் புறக்கணிக்கக் கூடாது. நீடித்த இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகையுடன் விழுங்கச் சிரமப்படும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

அச்சரப்பாக்கம் வட்டாரத்தில் எங்கே செல்வது?

அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மதுராந்தகம் அரசு மருத்துவமனையிலோ அறிகுறியைத் தெரிவித்துப் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். அங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவீர்கள். நோய் உறுதியானால் காரப்பேட்டை அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனையிலோ, சென்னையில் உள்ள அரசு மருத்துவமனைகளிலோ சிகிச்சை தொடரலாம். 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையத்தையும் அணுகலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆதார், குடும்ப அட்டை, அனைத்து அறிக்கைகள் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு பல வாரங்கள் நாள்தோறும் தரப்படும். ஆகவே தங்குமிடம், உடன் வருவோர், வேலை விடுப்பு ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிடுங்கள். நடுவில் நாள்களைத் தவறவிட்டால், எஞ்சிய புற்றுச் செல்கள் மீண்டும் பெருக அது வாய்ப்பாகிவிடும்.

புகையிலை, மது, வெற்றிலை பாக்கு

புகையிலையில் உள்ள நைட்ரோசமைன் என்னும் வேதிப்பொருள்கள் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு நகல் பிழைகளை உண்டாக்குகின்றன. மது உடலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாறி டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால் தீங்கு கூட்டலாக அன்றிப் பெருக்கலாக உயர்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலையை மட்டுமன்றி, புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கையும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக வகைப்படுத்தியுள்ளது. 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைப் பருகுவதும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2016-இல் அது அறிவித்தது. தேநீரைச் சற்று ஆறவைத்துப் பருகுங்கள்.

நோய் வந்தபின் விட்டு என்ன பயன் என்று கேட்பதுண்டு. பயன் உண்டு. அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல்கள் குறையும். சிகிச்சையைத் தாங்கும் ஆற்றல் கூடும். அதே பழக்கத்தால் சேதமடைந்த வாய், தொண்டைப் பகுதிகளில் இரண்டாவது புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் குறையும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திசு எடுத்தால் புற்றுநோய் பரவிவிடுமா?
பரவாது. பரவுவதற்குச் செல் தன் பிணைப்பை இழக்க வேண்டும், வழியைக் கரைக்க வேண்டும், இரத்தத்தில் பிழைக்க வேண்டும், வேறோர் உறுப்பில் பற்ற வேண்டும். இவ்வாற்றல்கள் மரபணு மாற்றங்களால் வருபவை; சில மி.மீ. திசுவைக் கிள்ளி எடுப்பதால் வருபவை அல்ல. இவ்வச்சத்தால் பரிசோதனையை மறுப்பதே நோய் பரவக் காலம் தருகிறது.

என் பிள்ளைகளுக்கும் வருமா?
மேலே கூறிய பிறழ்வுகள் கட்டியின் செல்களில் வாழ்நாளில் சேர்ந்தவை. அவை பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடிப்போடு வரும் மிக அரிதான ஒரு பரம்பரை நோய் விதிவிலக்கு. குடும்பத்தில் பலருக்கு இளவயதில் புற்றுநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

ஒரே தட்டில் உண்டால் தொற்றுமா?
தொற்றாது. நோயாளியைத் தனித்து உண்ண வைக்காதீர்கள்.

உணவு

எடை குறையாமல் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. சிறிது சிறிதாக, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு முறை உண்ணக் கொடுங்கள். கேழ்வரகுக் கூழ், சத்துமாவுக் கஞ்சி, நன்கு மசித்த பருப்பு சாதம், முட்டை, தயிர், பால் ஆகியவற்றை அடைப்பின் அளவுக்கேற்பத் தரலாம். கஞ்சித் தண்ணீர் மட்டும் போதாது. அதில் புரதம் மிகக் குறைவு. உட்கார்ந்த நிலையில் உண்ணவும், உண்டபின் அரைமணி நேரமாவது படுக்காதிருக்கவும் வேண்டும். வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வாருங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• இரத்த வாந்தி, அல்லது தார் போன்ற கறுப்பு மலம்
• உமிழ்நீரையும் விழுங்க இயலாமை
• நீர் அருந்தும்போதெல்லாம் இருமலும் புரையேறுதலும்
• கீமோதெரபி பெறும் காலத்தில் காய்ச்சல்
• திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. எனக்கு வந்திருப்பது எந்த வகை?
2. நோய் எந்த நிலையில் உள்ளது? நிணநீர் முடிச்சுகளுக்குச் சென்றுள்ளதா?
3. சிகிச்சையின் நோக்கம் முழுக் குணமா, அல்லது நோயைக் கட்டுப்படுத்துவதா?
4. ஹெர்-2, பி.டி.-எல்.1 பரிசோதனை எனக்குத் தேவையா? அதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா?
5. இம்மருந்துகள் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா?

உதவி எண்கள்

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை: 104
முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: 1800 425 3993
புகையிலைப் பழக்கத்தைக் கைவிட: 1800 11 2356

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். இவை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகா. உங்கள் அறிக்கையுடன் இப்பக்கத்தையும் எடுத்துச் சென்று, புரியாதவற்றை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.